பேசும் படம் வந்தபோது தங்கம்மாள் பேசவில்லை

தங்கம்மாள் மோர் விற்கப் போன இடத்தில்தான் அவள் பிள்ளை அர்ஜுனனைச் சினிமாக்காரர்கள் பார்த்தார்கள்.

அப்போதெல்லாம் படம் பேசாது. ஆட்கள் வாயை அசைப்பார்கள், சத்தம் வராது. கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, "இதோ ராஜா கோவமா வராரு, ராணி அழுவுறா பாருங்க" என்று கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படிப் படம் பிடிக்கிற மதராஸ் கம்பெனி ஒன்று, கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டத்தையும் மலையையும் பிடித்துக்கொண்டு போகலாம் என்று திருவண்ணாமலைக்கு வந்து இறங்கியிருந்தது. அடி அண்ணாமலை கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் படம் எடுத்தார்கள். சாமி காட்சி கொடுக்கும்போது ஒரு சின்னப் பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்கென்று கூட்டிவந்த பட்டணத்துப் பிள்ளைக்கு வந்த இடத்தில் காய்ச்சல். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் மோர்ப்பானையோடு நின்ற தங்கம்மாளும், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற அர்ஜுனனும் அவர் கண்ணில் பட்டார்கள். அவனுக்கு அப்போது ஐந்து வயசு. களையான முகம்.

"இவனை உக்கார வையுங்கப்பா" என்றார்.

உட்கார வைத்தார்கள். பிள்ளை சிரிக்கவில்லை. கேமராவின் கண்ணாடியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி கையைத் தட்டினார். குரங்குபோல் குதித்துக் காட்டினார். ஒருவர் மிட்டாயை நீட்டினார். அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழத் தயாரானான். வெயிலோ இறங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளை அழப்போகிறானே என்ற பதைப்பில் தங்கம்மாள் ஒரு வார்த்தை சொன்னாள்.

"டேய் அர்ஜுனா, அதோ பாரு, அப்பா வராரு."

அவன் அவள் கைகாட்டிய பக்கம் திரும்பினான். அந்த முகத்தில் என்னதான் வந்ததோ, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரு நொடி தாங்களும் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார்கள். கேமராவின் கைப்பிடியைச் சுற்றுகிறவர் அன்வர் பாஷா, ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். யாரும் சொல்லாமலே அவர் கை சுற்ற ஆரம்பித்துவிட்டது.

"தங்கச்சி, இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார் அவர். "வெளிச்சம் கம்மியாவுது."

அவள் இன்னொரு வாட்டியும் சொன்னாள். அவன் இன்னொரு வாட்டியும் அப்படியே சிரித்தான்.

அப்பா என்றால் ராஜமாணிக்கம். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஒருத்தரோடு கப்பல் ஏறி மலேயாவுக்கு ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனவன். போகும்போது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தான். "இவன் நடக்க ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பிள்ளை நடந்தான், ஓடினான், மரம் ஏறினான். அவன் வரவில்லை. அப்பாவின் முகம் அர்ஜுனனுக்கு நினைவில் இல்லை. ஆனால் சோறு ஊட்டும்போதெல்லாம் தங்கம்மாள் அப்பா கதையைத்தான் சொல்வாள். அப்பா கப்பலில் வருவார், தோளில் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றி வருவார் என்று சொல்லிச் சொல்லியே ஊட்டுவாள். அதனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிள்ளையின் முகத்தில் விளக்கு ஏறும்.

அன்றைக்குப் படம் எடுத்து முடிந்து மூட்டை கட்டும்போது அவன் கேட்டான்.

"அப்பா எங்கம்மா?"

"அப்படியே அந்தப் பக்கமா போயிட்டாரு போலடா. நாளைக்கு வருவாரு."

அவன் தலையை ஆட்டினான். அம்மா சொன்னால் சரி.

கம்பெனிக்காரர்கள் விடவில்லை. தாயையும் பிள்ளையையும் மதராசுக்கு வரச்சொன்னார்கள். நாத்தனார் ராஜம்மாள்தான் தடுத்துப் பார்த்தாள். "கூத்தாடிங்க கூட போறியா அண்ணி? எங்கண்ணன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றாள். தங்கம்மாள் பெரிய கோயிலுக்குப் போய் அண்ணாமலையார் சந்நிதியில் நின்று, இது வேண்டாமென்றால் நீயே ஏதாவது தடை பண்ணு சாமி என்று கேட்டுக்கொண்டாள். தடை ஒன்றும் வரவில்லை. ரயில் ஏறினார்கள்.

அன்வர் பாஷாவே புரசைவாக்கத்தில் ஒரு அறை பார்த்துக் கொடுத்தார். அதன்பிறகு அர்ஜுனன் குழந்தை சாமியாக வந்தான், காட்டில் தொலைந்த பிள்ளையாக வந்தான், பாவாடை கட்டிவிட்டு ராணியின் பெண்ணாகவும் வந்தான். விளம்பரத் தாளில் மாஸ்டர் அர்ஜுனன் என்று போட்டார்கள்.

பேசாத படம் என்றால் எடுக்கிற இடமும் அமைதியாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. அது சந்தைக்கடை. மேலே கூரை கிடையாது, வெயில் கொட்டும். ஒரு பக்கம் தச்சன் ஆணி அடிப்பான், ஒரு பக்கம் சமையற்காரர் சண்டை போடுவார், முதலாளி தொண்டை கிழியக் கத்துவார், அன்வர் பாஷா கைப்பிடி சுற்றும் கடகட சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அத்தனைக்கும் நடுவில் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தங்கம்மாள் பேசுவாள். அதுதான் அவளுக்கு வேலை. முதலாளி, "அழணும்" என்பார். "நம்ம வெள்ளாட்டுக் குட்டி பள்ளத்துல வுழுந்துடுச்சுடா கண்ணு, அம்மா அம்மான்னு கத்துது, யாருமே போவல" என்று அவள் சொல்லச் சொல்ல அவனுக்குக் கண்ணீர் வழியும். "பயப்படணும்" என்பார். "பின்னாடி நாய் வருது, ஓடு" என்பாள். "சிரிக்கணும்" என்றால் மட்டும் அவளுக்கு ஒரே வார்த்தைதான். அப்பா வராருடா.

"உன் புருஷன்தாம்மா நம்ம கம்பெனிக்குப் பெரிய ஆக்டர்" என்று முதலாளி கேலி செய்வார். "சம்பளம் வாங்காம வந்துட்டுப் போறாரு."

தங்கம்மாளும் சிரிப்பாள். ஒருநாள் நிஜமாகவே வந்துவிடுவான் என்று அவளுக்கு நம்பிக்கை இருந்த காலம் அது.

மலையில் எடுத்த அந்த முதல் படம் திருவண்ணாமலைக் கொட்டகைக்கு வந்தபோது, கதை சொல்கிறவர் தன் பங்குக்கு, "சாமிய பாத்து சிரிக்கிற இந்தப் புள்ள யாரு தெரியுமா? நம்ம அடி அண்ணாமலை தங்கம்மா பெத்த புள்ள" என்று சேர்த்துச் சொன்னாராம். கொட்டகையே கை தட்டியதாம். கூத்தாடி என்று சொன்ன ராஜம்மாளே பக்கத்தில் இருந்தவளிடம், "எங்கண்ணன் மூக்கு அப்படியே உரிச்சி வெச்சிருக்குது" என்று சொல்லிக்கொண்டாளாம்.

அர்ஜுனனுக்கு எட்டு வயசு நடக்கும்போது, ராஜமாணிக்கத்தோடு மலேயாவில் வேலை செய்த கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் கப்பலில் வந்து இறங்கினார். தோட்டத்தில் வேலை இல்லை என்று கும்பல் கும்பலாக ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த சமயம். அவர் துறைமுகத்தில் இருந்து நேராக விசாரித்துக்கொண்டு புரசைவாக்கம் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. அந்த நிற்கிற மாதிரியிலேயே தங்கம்மாளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"ஜுரம் வந்து படுத்தாரும்மா" என்றார். "தோட்டத்து ஆஸ்பத்திரில மருந்து குடுத்தாங்க. கேக்கல. நாங்கதான் எடுத்துப் போட்டோம். கடைசி வரைக்கும் புள்ள பேரச் சொல்லிகினே இருந்தாரு."

அவள் அழவில்லை. அழுதால் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கேட்கும்.

"ஐயா, ஊர்ல யாருக்கும் சொல்லிடாதீங்க. நானே வந்து சொல்றேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த மனுஷன் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். கழுத்தில் மஞ்சள் கயிறு, நெற்றியில் குங்குமம். இதை என்ன செய்வாய் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் கம்பெனியில் ஒரு சிரிப்புக் காட்சி. குழந்தை சாமி ஆற்றிலிருந்து எழுந்து வந்து சிரிக்க வேண்டும். வழக்கம்போல் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்த வார்த்தையைச் சொல்லாமல் முந்தானையை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னா தங்கம்மா, வெயில் போவுது" என்றார் முதலாளி.

"அர்ஜுனா, அப்பா வராருடா."

அவன் திரும்பினான். அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. ராஜமாணிக்கத்துக்கு உலகத்தில் வேறெங்கும் இனி இடமில்லை. இந்தப் பிள்ளையின் முகத்தில் மட்டும்தான் அவன் இன்னும் வந்துகொண்டிருக்கிறான். உண்மையைச் சொன்னால் அங்கேயும் செத்துவிடுவான்.

அன்வர் பாஷா கைப்பிடியை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். சாப்பாட்டு வேளையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவரிடம் மட்டும் சொன்னாள்.

"புள்ளகிட்ட சொல்லிடு தங்கச்சி" என்றார். "இப்பவே சொன்னா ரெண்டு நாள் அழுவான். நாள் ஜாஸ்தியானா கஷ்டம் ஜாஸ்தி."

"இந்தப் படம் முடியட்டும் பாய்."

அந்தப் படம் முடிந்தது. அடுத்தது வந்தது. அதுவும் முடியட்டும் என்றாள். ஒவ்வொரு நாளும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று குங்குமச் சிமிழைத் திறப்பாள். புருஷனுக்குக் கருமாதி இல்லை, எள்ளும் தண்ணீரும் இறைக்கப் பிள்ளை இருந்தும் இறைக்கவில்லை, தான் மட்டும் பூவும் பொட்டுமாக நிற்கிறோமே என்று நெஞ்சு அறுக்கும். அண்ணாமலையாரே, இந்தப் பாவத்தை என் கணக்கில் எழுதிக்கொள், பிள்ளை தலையில் வைக்காதே என்று வேண்டிக்கொண்டு பொட்டை வைப்பாள். வருஷா வருஷம் தீபத்துக்கு ஊருக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். கேட்டவர்களுக்கு, கம்பெனியில் விடவில்லை என்று இன்னொரு பொய்.

பிறகு பேசும் படம் வந்தது.

பழைய கம்பெனி படுத்துவிட்டது. புதிதாகக் கட்டிய ஸ்டுடியோவில் புதிய டைரக்டர் ஒருவர், கல்கத்தாவில் வேலை கற்றுவந்தவர், பேசும் படம் எடுத்தார். அர்ஜுனனை வரவழைத்துப் பேசச் சொன்னார்கள். மணிபோல் குரல். சுத்தமாகப் பேசினான். பத்து வயசு ஆகியிருந்தது. அவனையே போட்டார்கள். புராணக் கதைதான். அப்பாவின் மடியில் இடம் கிடைக்காமல் காட்டுக்குப் போய்த் தவம் செய்கிற ராஜகுமாரனின் கதை. கடைசியில் பிள்ளை திரும்பி வருவான், ராஜா ஓடிவருவார், தூரத்தில் வருகிற அப்பாவைப் பார்த்துப் பிள்ளை சிரிப்பான். அதோடு படம் முடியும்.

அந்த ஸ்டுடியோவுக்குள் போனபோது தங்கம்மாளுக்கு மூச்சு முட்டியது. சுவரெல்லாம் சாக்கும் கம்பளியும் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே கழியில் மைக் தொங்கியது. கண்ணாடி வைத்த ஒரு மரக்கூண்டுக்குள் சவுண்டு எஞ்சினியர் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேமராவையும் பெரிய பெட்டிக்குள் அடைத்திருந்தார்கள். அன்வர் பாஷாவும் அங்கேதான் வேலைக்கு வந்திருந்தார், ஆனால் கைப்பிடி இல்லை.

"இப்ப கேமரா அதுவே சுத்திக்குது தங்கச்சி" என்றார். "நான் பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்குறேன். உனக்கும் அதான் வேல."

அவர் சொன்னது சரிதான். டைரக்டர் தங்கம்மாளைக் கூப்பிட்டு நல்லவிதமாகவே சொன்னார்.

"அம்மா, நீங்க கேமரா பக்கத்துலயே நில்லுங்க, புள்ளைக்கு தைரியமா இருக்கும். ஆனா வாயத் திறக்கக் கூடாது. உங்க மூச்சு கூட மைக்ல வுழும். என்ன நடந்தாலும் சரி, நான் கட்னு சொல்ற வரைக்கும் பேசாதீங்க. ஒரு வார்த்த வுழுந்தாலும் ஃபிலிம் பூரா வீணு."

"சரிங்க ஐயா" என்றாள்.

முதல் சில நாள் பயமில்லாமல் போயிற்று. அர்ஜுனன் எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து சொன்னான். சிற்றன்னை மடியிலிருந்து இழுத்துத் தள்ளுகிற காட்சியில் அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமலே அழுதான். டைரக்டர் அவன் முதுகைத் தட்டினார். தங்கம்மாளுக்குச் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்து வந்தன. ஆட்டுக்குட்டி இல்லாமலே அழுகிறானே, இனி நான் எதற்கு என்று நினைத்துக்கொண்டாள்.

சிரிக்கிற காட்சி வந்தது. அரண்மனை வாசலில் அவன் நிற்க வேண்டும். தூரத்தில் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டும். அவன் சிரித்தான், பல் தெரிந்தது, டைரக்டருக்குப் போதவில்லை.

"இவன் பழைய படத்துல சிரிச்ச சிரிப்பப் பாத்துத்தானே போட்டோம். அது எங்க? என்ன செஞ்சு சிரிக்க வெப்பீங்க?" என்று தங்கம்மாளைக் கேட்டார்.

அவள் தயங்கினாள். "அவங்கப்பா வராருன்னு சொல்லுவேங்க."

"அவ்வளவுதானே? ஷாட்டுக்கு முன்னாடி சொல்லிடுங்க. அப்புறம் அமைதியா நில்லுங்க."

அவள் சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. ஆனால் பேசும் படத்தில் உடனே எடுத்துவிட முடியாது. "சைலன்ஸ்" என்று ஒருவர் கத்துவார். மணி அடிப்பார்கள். கூண்டுக்குள் இருப்பவர் கையைத் தூக்க வேண்டும். மோட்டார் வேகம் பிடிக்க வேண்டும். வெளியே காக்காய் கத்தினால் கவண் வைத்திருக்கிற ஆள் போய் விரட்டிவிட்டு வரவேண்டும். அத்தனையும் முடிந்து கேமரா முன்னால் கட்டையைத் தட்டும்போது பிள்ளையின் முகத்தில் ஏறிய விளக்கு அணைந்திருக்கும். "மறுபடி சொல்லுங்கம்மா" என்பார் டைரக்டர். அவள் மறுபடி சொல்வாள். மறுபடி காக்காய் கத்தும்.

பழைய கம்பெனியில் அவள் சொன்ன அடுத்த நொடி படம் பிடித்து முடித்து, தூக்கிக்கொண்டு போய்ப் பொரி உருண்டை கொடுத்துவிடுவார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்று யோசிக்க அவனுக்கு நேரமே இருந்ததில்லை. இப்போது நேரம் இருந்தது. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற அந்த அமைதியில் அர்ஜுனன் அப்பா வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்தப் பக்கம் ஒரு கதவு. சத்தம் வரக்கூடாது என்று அதை அடைத்து, மேலே சாக்கை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வழியாக யாரும் வர முடியாது.

கட்டை தட்டினார்கள். மோட்டார் ஓடியது. அவன் சிரிக்கவில்லை. கதவை விட்டுவிட்டு, மெதுவாகத் திரும்பி, கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற அம்மாவின் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருஷமும் அவள் கை காட்டிய பக்கம்தான் பார்த்திருக்கிறான். அவள் அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை.

"அம்மா" என்றான். "அப்பா வரமாட்டாராம்மா?"

தங்கம்மாளின் உதடு பிரிந்தது. வருவாருடா என்று சொல்வதா, செத்துட்டாருடா என்று சொல்வதா, அவளுக்கே தெரியாது. அதற்குள் டைரக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. பேசினால் படம் கெட்டுவிடும். பழகிப்போன கீழ்ப்படிதல், வேறென்ன சொல்வது. வலது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் மட்டும் விரல் மேல் இறங்கியது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அசையவில்லை. பிள்ளை அவளைப் பார்த்தபடியே நின்றான்.

"கட்" என்றார் டைரக்டர். "இதென்ன, இது டயலாக்ல இல்லயே? யாருய்யா இவனப் பேசச் சொன்னது?"

கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு சவுண்டு எஞ்சினியர் தலையை நீட்டினார். "பையன் எதோ கேட்டான் சார். பதில் வரல" என்றார்.

அன்வர் பாஷா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுபடி எடுத்தார்கள். அர்ஜுனன் பல்லைக் காட்டினான். இதற்குமேல் முடியாது என்று டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார். அறைக்குத் திரும்பி நடக்கும்போது அவன் அவள் கையைப் பிடிக்கவில்லை. அவள் பேச வாயெடுத்தபோதெல்லாம் அவன் கொஞ்சம் வேகமாக நடந்தான். கேட்ட நேரத்தில் வராத பதில் பிறகு வந்து என்ன பிரயோஜனம்.

மறுநாள் காலையில் அவள் பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தவன் அவள் நெற்றியைப் பார்த்தான். குனிந்து சாப்பிட்டு முடித்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் அந்தச் சாவுச் செய்தி அப்படித்தான் சொல்லப்பட்டது.

மிச்சம் இருந்த காட்சிகளை முடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தார்கள். கருமாதி செய்தார்கள். குளத்துக் கரையில் மொட்டை அடித்துக்கொண்டு அர்ஜுனன் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் தங்கம்மாளின் கழுத்துக் கயிறு இறங்கியது. கூடியிருந்த பெண்கள் அழுதார்கள். ராஜம்மாள் அழுதுகொண்டே பேசினாள்.

"எங்கண்ணன் மண்ணா மக்கிப் போயிட்டான், இவ பட்டணத்துல பூவும் பொட்டுமா மினுக்கிகினு இருந்திருக்கா. சோறு எறங்குச்சா உனக்கு? தாலிய வெச்சிகினு இன்னா பண்ண? படம் புடிச்சியா?"

தங்கம்மாள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஈர வேட்டியோடு நின்ற அர்ஜுனன், "அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க அத்த" என்றான். "நான்தான் கேக்காம இருந்துட்டேன்."

தங்கம்மாளுக்கு அப்போதுதான் குலுங்கிக் குலுங்கி அழுகை வந்தது. பிள்ளை தன் பக்கம் நிற்கிறான், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். ஊராருக்கு முன்னால் அவன் கடைசிவரை அவள் பக்கம்தான் நின்றான். வீட்டுக்குள் வேறுமாதிரி இருந்தது.

"சோறு ஆயிடுச்சுடா" என்பாள். அவன் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கைகழுவப் போவான். "மழை வரல" என்பாள். எழுந்து வெளியே போய் ஆகாசத்தைப் பார்த்துவிட்டு வருவான். "நான் சாப்ட்டுட்டேன்" என்பாள். சட்டியைப் பார்ப்பான். கோபமாகச் செய்ய மாட்டான். ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவள் சொன்னதைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால்தான் அவனுக்கு நிம்மதி. அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள். திட்டிவிட்டால்கூடத் தேவலை என்று இருக்கும்.

பேசும் படம் கொட்டகைக்கு வந்தது. ஊரே போய்ப் பார்த்தது. இவர்கள் இருவரும் போகவில்லை. அதன்பிறகு இன்னும் ஒரு படத்துக்குக் கூப்பிட்டார்கள். போனான். சின்ன வேஷம். தோழர்களில் ஒருவனாக நின்று பாட வேண்டும். பாதியில் குரல் உடைந்துவிட்டது. மணிபோல இருந்தது தகரம்போல ஆயிற்று. இன்னொரு பையனைப் போட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான் மாஸ்டர் அர்ஜுனன். அன்வர் பாஷா ரயிலடி வரை வந்து வழியனுப்பினார். "தம்பி, அம்மாவப் பாத்துக்கோ" என்றார்.

அவன் பஸ் கம்பெனியில் கிளீனராகச் சேர்ந்தான். வண்டி துடைத்து, டயர் மாற்றி, பிறகு டிரைவர் ஆனான். கீழ்பென்னாத்தூர் ரூட்டு. வேங்கிக்காலில், இப்போது கலெக்டர் ஆபீஸும் புதுப்புது வீடுகளுமாக இருக்கிற பக்கம், அப்போது மல்லாட்டைக் கொல்லைதான், வேர்க்கடலை போட்டிருப்பார்கள். அந்த ஓரத்தில் ஒரு ஓட்டு வீடு கட்டிக்கொண்டான். உண்ணாமலை என்ற பெண்ணைக் கட்டிவைத்தாள் தங்கம்மாள். நல்ல பெண். வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா அத்த உங்க புள்ள" என்று வந்த புதிதில் கேட்டாள். "நீங்க வெந்நி சூடா இருக்குதுன்னு சொன்னா, அதுல விரல வுட்டுப் பாக்குறாரு. நான் சொன்னா அப்படியே எடுத்து ஊத்திக்கிறாரு."

"நீ நல்லபடியா சொல்றடி, அதான்" என்று சிரித்து மழுப்பினாள் தங்கம்மாள். அன்று பூசை அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் வேண்டுதல் எல்லாம் இப்போது ஒன்றாகச் சுருங்கிப் போயிருந்தது. நான் சொல்கிற ஒரு சொல்லையாவது என் பிள்ளை பார்க்காமல் நம்பவேண்டும் சாமி. கண்ணை மூடுவதற்குள் ஒருமுறை.

வருஷங்கள் போயின. பேரப்பிள்ளைகள் வந்தார்கள். அவளுக்கு முடி வெளுத்தது, முதுகு வளைந்தது.

ஒரு சந்தை நாள். விடிந்ததிலிருந்தே தங்கம்மாளுக்கு நெஞ்சில் ஒரு வலி. இடது கையில் இறங்கி, தாடை வரை பிடித்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்த அர்ஜுனன் அவளைப் பார்த்து நின்றான்.

"இன்னாம்மா, ஒரு மாதிரியா இருக்க?"

"ஒண்ணும் இல்லடா. வாயு. நீ வண்டிக்குப் போ."

வழக்கப்படி அவன் பக்கத்தில் வந்து குனிவான், நெற்றியில் கைவைத்துப் பார்ப்பான், உண்ணாமலையைக் கூப்பிட்டு விசாரிப்பான் என்று எதிர்பார்த்தாள். வேர்த்திருந்த நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அவன் நின்று அவளையே பார்த்தான். என்ன நினைத்தானோ தெரியாது. அவனுக்கும் தலையில் நரை வந்திருந்தது, அவனும் பிள்ளை பெற்றவன். வெளியே கிளீனர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"சரிம்மா" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

தங்கம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருவான் என்று பார்த்தாள். வரவில்லை.

"உண்ணாமலை" என்று கூப்பிட்டாள். "பாத்தியாடி? நான் சொன்னேன், சரின்னு போறான்."

"போவாம இன்னா செய்வாரு? சந்தைக் கூட்டம் கெடக்குது" என்றபடி ஈரக் கையோடு வந்த உண்ணாமலை, மாமியாரின் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். உதடு வெளுத்திருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. "இது வாயு இல்ல அத்த. இன்னும் வண்டி எடுத்திருக்க மாட்டாரு. நான் ஓடிப்போய்க் கூப்புடறேன்."

தங்கம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வலியிலும் அந்தப் பிடி இறுக்கமாக இருந்தது.

"வேணாம்டி. நம்பிகினு போறான். போவட்டும்."

உண்ணாமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை உதறிக்கொண்டு ஓடுவதா, இங்கேயே இருப்பதா என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கத்திக் கூப்பிட்டு, பஸ் நிற்கிற இடத்துக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். அதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டிருந்தது. உண்ணாமலை உள்ளே வந்து பார்த்தபோது தங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முகத்தில் வலி இல்லை. அண்ணாமலையார் பேரைச் சொல்லிக்கொண்டிருந்த வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது.

உச்சி வெயிலில் அர்ஜுனன் வந்து சேர்ந்தான். வாசலில் ஊர்ஜனம். உண்ணாமலை அழுதுகொண்டே நடந்ததை அப்படியே சொன்னாள். கூப்பிட விடவில்லை என்பதையும், நம்பிக்கொண்டு போகிறான் போகட்டும் என்று சொன்னதையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் தொட்டுப் பார்க்காத நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.